ஒரு பிளேடுக்கு ஒரு தகடு

விரல் போனதைக்கூட எட்டரை மறந்துவிட்டான். போனது போனதுதான், அழுதால் முளைக்கவா போகிறது. அவன் நெஞ்சில் முள்ளாகத் தங்கிப்போனது வேறொன்று. கையிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அவன் அக்காவைக் கட்டியவர், ஒரே பட்டறையில் அவனோடு தோளோடு தோள் நின்றவர், அவன் அத்தான், முதலில் குனிந்து பார்த்தது அவன் கையை இல்லை. மிஷினின் வாயை.

மோட்டாரை அணைத்தார். அது சரி, யாரும் அதைத்தான் செய்வார்கள். அணைத்த கையோடு குனிந்து, பிளேடுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை விட்டு, பென்சில் பருமனில் ஒரு மரப்பட்டியை உருவி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் சட்டையைக் கழற்றி அவன் கையில் சுற்றினார்.

அதுவரை எட்டரை நின்றுகொண்டுதான் இருந்தான். வலி இன்னும் வந்து சேரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் ஒரு மனுஷன் எதைப் பார்க்கிறானோ அது கட்டை வேகிறவரை கண்ணை விட்டுப் போகாது. தன் விரல் கிடக்கிற இடத்தை அவன் பார்க்கவில்லை. அத்தான் அந்தப் பட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் பார்த்தான்.

அப்போது அவனுக்கு எட்டரை என்ற பேர் கிடையாது. இடது கையில் சுட்டுவிரல் அடியோடும் நடுவிரலில் பாதியும் போனபிறகு பட்டறைத் தெருவே கூடிக் கணக்குப் போட்டு வைத்த பேர் அது. "பத்துல ஒன்றரை போனா எட்டரை. கணக்குச் சரிதானேப்பா?" என்று கேட்டுவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்து, கிளாஸை அவன் வலது கைப் பக்கமாக வைப்பார்கள். பட்டறைக்காரன் இரக்கம் அப்படித்தான் இருக்கும்.

மிஷின் வாய் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். மேஜை ரம்பம் என்பது ஒரு இரும்பு மேஜை. நடுவில் நீளமாக ஒரு திறப்பு. அதன் வழியாகத்தான் வட்டப் பிளேடு கீழிருந்து எட்டிப் பார்க்கும். அந்தத் திறப்புதான் வாய். வாயை மூடினாற்போல ஒரு தகடு உட்காரும், அதில் பிளேடு சுற்ற ஒரு கீறல். கீறல் அகலமாக இருந்தால் பிளேடுக்குப் பக்கத்தில் சந்து விழும். பெரிய பலகை அறுக்கிறவரை அந்தச் சந்தால் ஒன்றும் ஆகாது. ஒல்லியாகப் பட்டி கிழிக்கும்போதுதான் வினை. அறுந்த பட்டி சந்துக்குள் இறங்கும், பல்லில் மாட்டும், கையிலிருக்கிற பலகையை உதறும். பலகை போன பக்கம் கையும் போகும்.

அவர்கள் மிஷினை மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து வாங்கும்போதே வாய்த்தகடு இல்லை. அத்தான்தான் ஒட்டுப்பலகையில் ஒன்று வெட்டிப் போட்டார். பிளேடை நேராக நிறுத்தியும் அறுக்கவேண்டும், சாய்த்தும் அறுக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடு மாற்றிக்கொண்டிருப்பானேன், இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று கீறலை அகலமாக விட்டார். அந்தத் தெருவில் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. சௌகரியம். அந்தச் சௌகரியத்துக்குள்தான் பட்டி இறங்கியது.

இதெல்லாம் எட்டரைக்கும் தெரியும். தகடு யார் வெட்டியது என்பதில் அவனுக்கு மனத்தாங்கல் இல்லை. அந்தத் தகட்டில் அவனும்தான் நூறு பலகை அறுத்திருக்கிறான், ஒரு நாளும் வாயைத் திறந்து இது அகலம் என்று சொன்னதில்லை. அவன் கேட்டதெல்லாம் ஒரு வார்த்தை. வலிக்குதா என்று ஒரு வார்த்தை. அல்லது, ஏன் முதலில் மிஷினைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா அழுது தீர்த்தாள். அத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தினமும் வந்தார், தினமும் உட்கார்ந்தார். "ஃபேன் சுத்துதா?" என்று கேட்டார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மற்ற நேரமெல்லாம் கட்டைவிரல் நகத்தால் தன் முழங்கால்மேல் ஏதோ வரைந்துகொண்டே இருந்தார். இரண்டு பக்கமும் நேர்க்கோடு, இரண்டு முனையிலும் அரைவட்டம். எட்டரை படுத்தபடியே பார்த்தான். என்ன உருவம் என்று புரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இங்கே வந்தும் மிஷின்தானா.

பிறகு தகடு தேடும் படலம். அந்த மிஷினைச் செய்த கம்பெனியே இல்லை. அத்தான் பழைய இரும்புக்கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். வாயின் உருவத்தை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு போவார், கடைக்காரன் காட்டுகிற தகட்டின்மேல் வைத்துப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்கிவிட்டு வருவார்.

"என்னண்ணே, கிழட்டு மிஷினுக்குப் பல்செட் தேடுறீங்களா?" என்றான் ஒரு கடைக்காரன்.

"பல்லு இருக்கு. உதடுதான் இல்ல" என்றாராம் அத்தான். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதையும் சிரிக்காமல்தான் சொன்னாராம்.

ஒரு கடையில் கிட்டத்தட்ட அதே உருவத்தில் ஒரு தகடு கிடைத்தது. நகக்கண் அளவுக்கு நீளம் கூட. அரத்தால் ராவி ராவி உள்ளே உட்காரவைத்தார். ஒரு மூலையைத் தட்டினால் எதிர்மூலை தாளம் போட்டது. கழற்றி எறிந்தார். கடைசியில் அது கிடைத்த இடம் அவர் வீட்டுச் சமையலறை.

"காய் நறுக்குற பலகை எங்கங்க?" என்று அக்கா கேட்டாள்.

"அது வளையாது. தண்ணிக்கு ஊதாது. மரம் அதுமேல வழுக்கிட்டுப் போகும்."

"எங்கேன்னு கேட்டா, பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட பையனைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்றீங்க. வெட்டியாச்சா?"

"பாதி."

"மீதிப் பாதியக் குடுங்க, வெங்காயமாவது நறுக்குறேன். நாளைக்கு உலைமூடியக் காணோம்னா போலீசுக்குத்தான் போவேன்."

கட்டுப்போட்ட கையோடு எட்டரை பட்டறைக்குத் திரும்பிய அன்று அத்தான் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையைத்தான் பொருத்திக்கொண்டிருந்தார். வாயின் உருவத்துக்கு அறுத்து, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வைத்து அமுக்கினால் 'டப்' என்று உட்காரும்படி செய்திருந்தார். நாலு மூலையிலும் நாலு சின்னத் திருகு. ஒன்றைத் திருகினால் அந்த மூலை முடியளவு எழும். இரும்பு ஸ்கேலை மேஜைக்கும் தகட்டுக்குமாகக் குறுக்கே வைத்து, குனிந்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருகினார். பின்பக்க விளிம்பில் ஒரு ஆணியை அடித்து, தலையை வெட்டி, மேஜை இரும்புக்கு அடியில் அது நாக்கு மாதிரி மாட்டிக்கொள்ளும்படி செய்தார். பிளேடு சுற்றுகிற வேகத்தில் தகடு மேலே கிளம்பாமலிருக்க.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிளேடை எவ்வளவு இறக்கினாலும் அதன் உச்சி தகட்டின் அடியைத் தொடும், தகடு உட்காராது. அதற்காக அடிப்பக்கத்தில் உளியால் ஒரு பள்ளம் எடுத்தார். பிறகு தகட்டுக்குமேல் ஒரு கட்டையைக் குறுக்கே போட்டு, மேஜையோடு சேர்த்து இறுக்கி, மோட்டாரைப் போட்டார். பிளேடை ஏற்றி இறக்க மேஜைக்கு அடியிலிருக்கும் சக்கரத்தை மெல்ல மெல்லச் சுற்றினார். பிளேடு தானே தன் வழியை அறுத்துக்கொண்டு மேலே வந்தது. பிளாஸ்டிக் கருகிய வாடை. வெள்ளைத் தூள் பறந்தது. அணைத்துவிட்டுப் பார்த்தால், பிளேடு எவ்வளவு பருமனோ அவ்வளவேதான் கீறல். நூல் நுழையாது.

அந்தக் கீறல் அந்த ஒரு பிளேடுக்குத்தான். வேறு பருமன் பிளேடு போட்டால் வேறு தகடு. பிளேடைச் சாய்த்தால் அதற்கும் வேறு தகடு.

அத்தான் தீக்குச்சி பருமனில் ஒரு பட்டியைக் கிழித்தார். அறுந்த பட்டி எங்கேயும் இறங்கவில்லை. பிளேடுக்குப் பக்கத்திலேயே, தகட்டின்மேல், தூங்குகிற மாதிரி கிடந்தது. அவர் நிமிர்ந்து எட்டரையைப் பார்த்தார்.

எட்டரை முகத்தைத் திருப்பிக்கொண்டு பசைப் பானையைக் கிண்டினான்.

அன்றிலிருந்து எழுதாத ஒப்பந்தம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. ரம்பத்தில் அறுப்பதெல்லாம் அத்தான். இழைப்பது, சேர்ப்பது, வீடுகளுக்குப் போய்க் கதவு மாட்டுவது எல்லாம் எட்டரை. ரம்பத்துக்குப் பக்கத்தில் அவன் போகவே இல்லை. மூலையில் கிடக்கும் துடைப்பத்தை எடுக்கவேண்டுமென்றாலும் மேஜையைச் சுற்றிக்கொண்டுதான் போவான். அத்தானும் வா என்று கூப்பிட்டதில்லை.

வருஷங்கள் போயின. சுவரில் ஆணி அடித்து வாய்த்தகடுகள் தொங்கின. புது பிளேடு வந்தால் அறுப்பதற்கு முன்னால் அதற்கொரு தகடு. அவசர வேலை, வீட்டுக்காரர் வாசலில் நின்று கத்துகிறார் என்றாலும் சரி. "அத்தான், ஒரு பலகைதானே, அந்தப் பழைய தகட்டுலயே தள்ளிடுங்களேன்" என்று எட்டரையே சொன்னதுண்டு. அத்தான் வெள்ளைப் பலகையை எடுப்பார். ஸ்கேலை எடுப்பார். இந்தக் குணத்துக்காகத்தான் தெரு அவருக்கு நூலிழை என்று பேர் வைத்தது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. வேலை முடிந்த சாயங்காலங்களில் பையில் வெள்ளைப் பலகையும் அரமும் ஸ்கேலும் போட்டுக்கொண்டு அடுத்த பட்டறைகளுக்குப் போக ஆரம்பித்தார். யாரும் கூப்பிடவில்லை. போய், மிஷின் வாயைப் பார்ப்பார். அகலமாக இருந்தால் உட்கார்ந்துவிடுவார்.

"ஊர்வாயத்தான் மூட முடியாது, மிஷின் வாயையாவது மூடுவோம்னு கெளம்பிட்டாரு நூலிழை" என்று சிரித்தார்கள்.

"அண்ணே, எங்க வீட்டம்மாவுக்கும் ஒண்ணு அளவெடுத்துட்டுப் போங்கண்ணே" என்றான் ஒருத்தன்.

அவர் பாட்டுக்குத் திருகிக்கொண்டிருப்பார். முடிந்ததும் பட்டி ஒன்று கிழித்துக் காட்டுவார். சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார். டீ கொடுத்தால் குடிப்பார், வேறு எதையும் வாங்கமாட்டார். சிரித்தவர்களும் தகட்டைக் கழற்றவில்லை. கழற்றாததற்குக் காரணம், பலகையின் அடிப்பக்கம் சிம்பு எழாமல் வழவழவென்று வந்ததுதான். விரலுக்காக ஒரு தகட்டை யாரும் மெனக்கெட்டு மாட்டமாட்டார்கள். எல்லாருக்கும் தன் விரல் தன்னிடம்தான் இருக்கும் என்று நம்பிக்கை.

இதையெல்லாம் எட்டரை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஊருக்கெல்லாம் செய்கிறவர் நம்மிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவார் என்று நினைப்பான். நினைத்துக்கொண்டே அவர் அறுத்துக் கொடுத்த பலகையை எடுத்து இழைப்பான். அடிப்பக்கத்தில் இழைக்க ஒன்றும் இருக்காது.

அத்தானின் நுரையீரலில் மரத்தூள் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். முதலில் படியேறினால் இரைத்தது, அப்புறம் நடந்தால், கடைசியில் உட்கார்ந்திருக்கும்போதே. பட்டறைக்குப் பின்னாலிருந்த அறையில் கட்டிலைப் போட்டார்கள். கட்டிலோரம் ஆக்சிஜன் சிலிண்டர். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவரும் அதில் காயும் துணியும். ரம்பம் ஓடவில்லை. எட்டரை கைரம்பத்தை வைத்து வேலையைத் தள்ளிக்கொண்டிருந்தான். பெரிய வேலைகளை வேண்டாமென்று சொன்னான்.

மத்தியானம் வேலையை நிறுத்தினால் அத்தான் பக்கத்தில் வந்து உட்காருவான். கேட்டுவிடவேண்டும் என்றுதான் வருவான். வந்து, கீல் விலையைப் பேசுவான், மழையைப் பேசுவான், எழுந்து போவான். இந்த மனுஷன் மூச்சு நிற்பதற்குள் அந்த ஒரு வார்த்தை வரவேண்டும், வராவிட்டால் முள் முள்ளாகவே நின்றுபோகும் என்று அவனுக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது.

"அவரா வாயத் தொறக்கமாட்டாரு தம்பி. இத்தன வருஷத்துல என்கிட்டயே அதப் பத்திப் பேசல. நீ கேட்டாத்தான் உண்டு."

"நான் ஏன் கேக்கணும்?"

"கேக்காத. நீயும் அவரும் சோடிதான், ரெண்டு பேரும் வாயில பசையப் போட்டு ஒட்டிக்கிட்டவங்க" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

மறுநாள் மத்தியானம் கேட்டான். தலையணையை உயர்த்தி வைத்துவிட்டு, நின்றபடியே, சண்டைக்குக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"அத்தான், அன்னைக்கு ஏன் நீங்க மொதல்ல மிஷினப் பாத்தீங்க?"

அத்தான் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். வெகுநேரம் துணி காய்வதைப் பார்த்தார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் கதவு செய்யறவன் ஒருத்தன் இருக்கான்ல."

எட்டரைக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன கேட்டால் என்ன சொல்கிறார். "இருக்கான். அதுக்கென்ன?"

"ரெண்டு தடவ போனேன். ரெண்டு தடவையும் வாசலோட அனுப்பிட்டான்."

"அவன் யாரத்தான் உள்ள விட்டான்."

"இல்ல. கேட்டான்." மூச்சு வாங்கியது. "உன் மச்சினன் விரல வாங்குன தகடு யாரு வெட்டுனதுன்னு கேட்டான். நான்தான்னேன். அப்ப உன் தகடு எனக்கு வேணாம்னான். நியாயந்தானே."

எட்டரை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். அவர்கள் இருவருமே சொல்லிக்கொள்ளாத ஒன்றை, யாரோ ஒருத்தன் வாசலில் நின்று இவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"பட்டி உள்ள எறங்கியிருக்கான்னு பாத்தேன் மாப்ள" என்றார் அத்தான். "எறங்கியிருக்கக் கூடாதுன்னு பாத்தேன். வேற எதுனாலயாவது ஆகியிருக்கணும்னு. உன் கைய அப்புறந்தான் பாத்தேன்."

பெரிய மனசு பண்ணி எட்டரை ஏதாவது சொல்லியிருக்கலாம். விடுங்க அத்தான், பழசு என்று சொல்லியிருக்கலாம். வரவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்தது காதில் விழுந்தபிறகு அது இவ்வளவு சின்னதாக, இவ்வளவு அசிங்கமாக, இவ்வளவு நிஜமாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் குனிந்திருக்கிறார். அந்த இடத்தில் தானாக இருந்திருந்தாலும் குனிந்திருப்போமோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த எண்ணத்தை அவன் விரட்டவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அக்கா கதவுவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"அவன் மிஷினு ஓடிக்கிட்டேதான் இருக்கு" என்றார் அத்தான். "ரெண்டு விரல் போற அகலம் வாயி. அதுலதான் பட்டி கிழிக்கறானுங்க. நீ போ."

"நானா? உங்களையே உள்ள விடாதவன் என்னை விடுவானா?"

"நீ போனா விடுவான்."

"போய் என்னன்னு சொல்றது?"

"சொல்லாத. கையக் காட்டு."

எட்டரை தன் இடது கையைப் பார்த்தான். பிறகு சொன்னான், "அத்தான், நான் ரம்பத்துக்கிட்ட நிக்கறதில்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தகட்டுல வழி போடணும்னா பிளேட ஏத்தணும். மிஷின ஓடவிட்டுக்கிட்டே ஏத்தணும்."

"ஆமா."

"அப்புறம் என்னையே போகச் சொல்றீங்க?"

"வேற யாரு இருக்கா?" என்றார். கேட்டது அதட்டலாக இல்லை. நிஜமாகவே வேறு யாராவது இருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்த மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். எட்டரை, தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தான். ஐந்து விரலும் உள்ள ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்த கையில் பலமே இல்லை.

"அவன் மிஷின் வாயி நம்மளது மாதிரி இல்ல. பின்பக்கம் வட்டம் கெடையாது, சதுரம். அட்டைய வச்சு எடுத்துக்க. அவன்கிட்ட ரெண்டு பிளேடு இருக்கு, ஒண்ணு தடிமன். ரெண்டுக்கும் ரெண்டு வெட்டு. ஒண்ணே போதும்னு சொல்வான், கேக்காத."

"சரி."

"மேல கட்டையப் போட்டு இறுக்கிட்டு அப்புறம் மோட்டாரப் போடு."

"சரி அத்தான்."

"சக்கரத்த மெதுவாச் சுத்து. பிளேடு மேல வர்றப்ப ஓரமா நில்லு மாப்ள. நேரா நிக்காத."